பேஸ் பெட்டியின் முன்னே இரண்டு மைக்

சேந்தமுனைக் கடல் வாயடைத்துப்போன அந்தக் கார்த்திகையில் ஊரில் யாருக்கும் முதலில் அது உறைக்கவில்லை, ஏனென்றால் பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கிற ஒன்று நின்றுபோனால் அது நின்றுவிட்டது என்று தெரியாது, நமக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றும். அப்படித்தான் அன்று காலை பாதிப்பேர் காதில் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டார்கள், மீதிப்பேர் தலையைச் சாய்த்து உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்கள், கரைக்குப் போனவர்கள் மட்டும் போன இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அலை எழும்பியது, மடங்கியது, விழுந்தது, நுரை மணலேறி வந்து காலை நனைத்தது. சத்தம் மட்டும் இல்லை.

அதே காலையில், பழைய ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில், தென்னந்தும்பு திணித்த தடிச்சுவருக்குள், மெட்டில்டா ஒரு பெட்டியின் முன்னால் குந்தியிருந்தாள். அப்பா விட்டுப்போன மைக் செட்டை வைத்துக் கல்யாணம், கருமாதி, சப்பரம் என்று ஓட்டிக்கொண்டிருந்தவள், அந்த வருஷம் ஊர்ப் பிள்ளைகள் பாடுகிற மாதா பாட்டுகளைக் காசெட்டாகப் பதிவுபண்ணித் தருவதாகப் பங்குச் சாமியாரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். மற்ற வாத்தியங்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. லாம்பர்ட் வாசிக்கிற பேஸ் கிதார்தான் படுத்தியது. அதன் சத்தம் கிதாரிலிருந்து வருவதில்லை, இடுப்புயரப் பெட்டி ஒன்றிலிருந்து வருகிறது. பெட்டிக்குள் நான்கு ஸ்பீக்கர், நான்கையும் ஒரே நாளில் ஒரே கை செய்திருந்தாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நான்குக்கும் நான்கு குணம். எதன் முன்னால் மைக் வைப்பது, எவ்வளவு தள்ளி வைப்பது, முதலில் எந்த மைக்கை வைப்பது என்று பிடிபடாமல் அவள் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். கீழே இடதுபக்கத்து ஸ்பீக்கரில் காதை வைத்தபோது அங்கே கடல் இருந்தது.

"ஏல லாம்பர்ட், கம்பியத் தொட்டியா?"

"தொடலக்கா. பிளக்கே இன்னும் மாட்டலயே."

அவள் வயர்களை எல்லாம் உருவிப் போட்டாள். அப்போதும் உள்ளே அலை அடித்துக்கொண்டிருந்தது, முன்னைவிடத் தெளிவாகவே. மெட்டில்டாவுக்கு வந்த முதல் கவலை, இப்படிக் கடல் இரைகிற பெட்டியை வைத்துக்கொண்டு காசெட் எப்படிப் போடுவது என்பதுதான். மனுஷருக்கு எந்த நேரத்தில் எது கவலையாக வரும் என்று சொல்லவே முடியாது.

கரையிலிருந்து அவள் புருஷன் ரெமிஜியுஸ் ஓடி வந்தான். வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன், சாதாரணமாக எதற்கும் ஓடாதவன். கடல் ஊமையாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவனைக் கையைப் பிடித்து இழுத்து அவள் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தாள். அவன் முழங்காலிட்டு, கோயிலில் நற்கருணை வாங்குகிறவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"இது நம்ம கடல்தான்," என்றான். "கடகடன்னு வருது பாரு, அது வடக்கால பாறைப் பார்ல அடிக்கிறது. இந்தா, சரசரன்னு இழுக்குது பாரு, அது தெக்கால மணல்ல." கண்ணைத் திறந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "சத்தம் இங்கன இருக்குன்னா, அங்கன கெடக்கிறது என்னது மெட்டில்டா?"

அதற்குள் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. சப்பரம் தூக்குகிற ஆட்கள் வந்து, பெட்டியைக் கொண்டுபோய்க் கரையில் வைத்துவிட்டால் கடல் தன் சத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று தோள் கொடுத்துப் பார்த்தார்கள். நேற்று வரை லாம்பர்ட் தனியாளாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பெட்டி, எத்தனை பேர் தலைகீழாக நின்றாலும் அசைய மாட்டேன் என்றது. சரி, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். எப்பேர்ப்பட்ட அதிசயமானாலும் அடுப்பு பற்றவைத்துத்தானே ஆகவேண்டும்.

அப்படியே ஊர் அதற்குப் பழகத் தொடங்கியது. அலைச் சத்தம் இல்லாமல் கண்ணயராத கைக்குழந்தைகளைத் தாய்மார்கள் மத்தியான வேளையில் ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிப் படுக்க வைத்தார்கள். இத்தனை காலமும் ஒவ்வொரு வீட்டுச் சண்டையையும் கடல்தான் போர்த்தி மூடி வைத்திருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடக் கேட்க, புருஷன் பெண்டாட்டிகள் கைஜாடையில் சண்டை போடப் படித்துக்கொண்டார்கள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கிசுகிசுப்பது வரிசையின் கடைசி ஆள் வரை கேட்டதால் ஊரில் பாவங்கள் திடீரென்று குறைந்துபோயின, பங்குச் சாமியாருக்கே அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் இந்தக் கேலிக்கெல்லாம் அடியில் பயம் ஈரம்போல ஊறிக்கொண்டே இருந்தது. கடலுக்கு முதுகு காட்டி யாரும் நிற்பதில்லை. முன்பெல்லாம் அது வருவது கேட்கும், இப்போது வருவது கேட்காதே. மீன் உலர்த்துகிற பெண்கள் கடலைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு மழை பிடித்தது, பயம் வெளியே வந்தது. சேந்தமுனைக்குள் வள்ளம் நுழைகிற வழி குறுகல்; வடக்கே பார் என்கிற பாறைத்தொடர், தெற்கே மணல் திட்டு, இரண்டுக்கும் நடுவே வாய் மாதிரி ஓர் இடைவெளி. மழை கரையை மறைத்துவிட்டால் கண்ணால் ஆகிற வேலை இல்லை. கடகட என்பதை வலது காதிலும் சரசர என்பதை இடது காதிலும் வாங்கிக்கொண்டு நடுவில் விட்டுக்கொண்டு வரவேண்டும். ஆண்டாண்டாக அந்த ஊர் ஆட்கள் காதால்தான் வீடு திரும்பினார்கள். முதல் மழையிலேயே ஒரு வள்ளம் பாரில் மோதிப் பிளந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள்.

"பெட்டி நவுராதுன்னா சத்தத்த நவுத்துவோம்," என்று சொன்னவள் மெட்டில்டாதான். பெட்டியின் முன்னால் மைக் வைத்து, வயர் இழுத்து, கோயில் மொட்டைமாடியில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களைக் கடலைப் பார்த்து நிறுத்திவிட்டால், வள்ளத்து ஆட்களுக்கு அலை கேட்கும். வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. எந்த மைக் என்பது மட்டும்தான் பாக்கி.

அவளிடம் அதற்குத் தகுந்தவை இரண்டு இருந்தன. ஒன்று, பெரிய டிரம்முக்கு முன்னால் வைக்கிற கனத்த மைக்; குழவிக்கல் மாதிரி கனக்கும், அடிச்சத்தத்தை வாங்கிக்கொள்ளும், மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளாது. இன்னொன்று கண்டென்ஸர் மைக். அதற்கென்று தனியாகக் கரண்ட் கொடுத்தால்தான் விழிக்கும், விழித்துவிட்டால் எறும்பு ஊர்வதும் அதற்குக் கேட்கும். ஊரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, அவள் முதலில் கனத்த மைக்கை வைத்துச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் போட்டுக் காட்டினாள். அலை வந்தது, மந்தமாக, தடியாக, அலையாகவே. பிறகு கண்டென்ஸரை வைத்தாள். நுரை பொரிகிறதும் மணல் உருள்கிறதும்கூடக் கேட்டது. எல்லோரும் ஆஹா என்றார்கள். அந்த நுரைக்குள்ளிருந்து யாரோ, "அம்மா," என்றார்கள்.

தெக்கிளா மாமி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கணவனை இழந்தவள், ஒரே மகன் இஞ்ஞாசியைக் கடலுக்குக் கொடுத்தவள். உடல்கூடக் கிடைக்கவில்லை, கல்லறையில் அவன் சட்டையைத்தான் புதைத்திருந்தார்கள். "எம் மவன்," என்றாள். "எம் மவன்லா கூப்பிடுதான்!" அடுத்து இன்னொருத்தி, எங்க அண்ணன் என்றாள். இன்னொருத்தி சத்தமே போடாமல் தரையில் உட்கார்ந்து தன் புருஷனிடம் பேசத் தொடங்கிவிட்டாள். கடலுக்குப் பறிகொடுத்தவர்களுக்கெல்லாம் அவரவர் ஆள் கேட்டது. மெட்டில்டாவின் வீட்டில் கடல் இன்னும் யாரையும் எடுத்ததில்லை, அவளுக்கு வெறும் நுரைதான் கேட்டது. ஆனாலும் அவள் கண்டென்ஸருக்குப் போகிற கரண்டை நிறுத்தினாள்.

"அந்த மைக்கு வேண்டாம்," என்றாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கடலில் ஆள் வைத்திருக்கிறவர்கள் கனத்த மைக் என்றார்கள். கடலுக்கு ஆளைக் கொடுத்தவர்கள் கண்டென்ஸர் என்றார்கள். இரண்டும் உள்ள வீடுகளில் சோறு இறங்கவில்லை. "உள்ள கெடக்குற புள்ளைகளவிடவா அந்த வழி வேற எவனுக்கும் தெரியும்?" என்று தெக்கிளா கோயில் வாசலில் நின்று கேட்டாள். "அவனுக கூப்பிட்டா வள்ளம் நேரா வந்து சேராதா?" பங்குச் சாமியார் இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள முடியாதவர், எல்லாப் பங்குச் சாமியார்களையும் போல. "ரெண்டு மைக்கையும் வச்சிரேன்மா," என்றார்.

அங்கேதான் மெட்டில்டா தப்புப் பண்ணினாள். ஒரே பெட்டிக்கு இரண்டு மைக் வைப்பது எப்பேர்ப்பட்ட வம்பு என்று தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும். ஒன்று கிட்டவும் ஒன்று தள்ளியும் இருந்துவிட்டால், இல்லை வயர் மாறிப்போய்விட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், இழுபறியில் அடிச்சத்தம் செத்துப்போகும், மேலே உள்ள சன்னச் சத்தம் மட்டும் மிஞ்சும். வைத்த பிறகு இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டு, வெளியே போய் நின்று கேட்டுப் பார்க்கவேண்டும். அவள் கனத்த மைக்கைத் தனியாகக் கேட்டாள், சரியாக இருந்தது. கண்டென்ஸரைத் தனியாகக் கேட்டாள், சரியாக இருந்தது. சேர்த்துக் கேட்கப்போன நேரத்தில் தெக்கிளா மாமி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அழுகிற பொம்பிளையிடமிருந்து கையை உருவ அவளுக்கு மனசு வரவில்லை. வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

வெயிலை நம்பித்தான் வள்ளங்களும் போயின. ரெமிஜியுஸும் போனான். மத்தியானம் திரும்புகிற நேரத்துக்கு வடகிழக்கிலிருந்து மேகம் எழுந்து வந்து ஊரையே மூடியது; மழை விழுந்தது என்று சொல்ல முடியாது, கடலுக்கும் கரைக்கும் நடுவே சுவர் மாதிரி எழும்பி நின்றது. மெட்டில்டா இரண்டு மைக்கையும் திறந்துவிட்டாள். அறைக்குள் பெட்டியே முழங்கிக்கொண்டிருந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தாள். தெக்கிளா மாமி கண்டென்ஸர் மைக்கின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

லாம்பர்ட் முழுக்க நனைந்து உள்ளே வந்து விழுந்தான். "அக்கா, வெளிய அலையே கேக்கலக்கா! ஆளுக பேசுறது மட்டுந்தான் கேக்குது!"

அவள் வெளியே ஓடினாள். மொட்டைமாடி ஸ்பீக்கர்களிலிருந்து ஓர் அலைகூட வரவில்லை. சன்னமாக, ஈரமாக, பல குரல்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தன; மழைக்குள் புகுந்து கடல்மேல் பரவி, எங்கிருந்து வருகின்றன என்றே தெரியாமல், வடக்கே பாரின் பக்கமிருந்து வருவதுபோலவும் இருந்தன. கரையில் பெண்கள் நின்றார்கள். "வாரேன் ராசா, வாரேன்," என்று சொல்லிக்கொண்டே சிலர் முழங்காலளவு தண்ணீருக்குள் நடந்துபோய்விட்டிருந்தார்கள், சத்தமில்லாத அலை அவர்கள் இடுப்பை வந்து அணைத்துவிட்டுப் போனது. அவர்களை இழுக்க லாம்பர்ட் ஓடினான். அப்போது அந்தக் குரல்களுக்கு நடுவே ஒன்று, "மெட்டில்டா," என்றது.

அவள் புருஷன் ரெமியின் குரல். குளித்துவிட்டுத் துண்டு கேட்கும்போது கூப்பிடுவானே, அந்தக் குரல், கொஞ்சம் பொறுமை இழந்து, கொஞ்சம் கொஞ்சலாக. அந்த மைக்கில் செத்தவர்கள்தானே பேசுவார்கள்? இத்தனை நாளும் அவளுக்கு மட்டும் யாரும் பேசியதில்லையே?

திரும்ப அறைக்குள் எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கண்டென்ஸரின் வயரில் கையை வைத்தாள். தெக்கிளா மாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கிழவியின் பிடி இரும்பாக இருந்தது.

"உனக்கும் கேட்டுட்டுல்லா?" என்றாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. உன் மாப்பிள்ள போயிட்டான்ட்டி. இனி உனக்கு மிச்சம் இது ஒண்ணுதான். கழட்டுனா இதுவும் போயிரும்."

"போவல மாமி. அவரு போவல."

"அப்பம் கூப்பிட்டது ஆரு?"

மெட்டில்டா நின்றாள். அவன் இறந்திருந்தால் அவன் இருக்கிற ஒரே இடம் இந்த வயர்தான். அவன் உயிரோடிருந்தால் அவனைக் கொல்லப்போவதும் இதே வயர்தான். எது என்று சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. அவள் வாய்விட்டு அழுதாள், மாதாவைக் கூப்பிட்டாள், ரெமியைக் கூப்பிட்டாள், அழுதுகொண்டே வயரைப் பிடுங்கினாள்.

அறைக்குள் எதுவும் மாறவில்லை. பெட்டி முன்போலவே முழங்கியது. கதவைத் திறந்து வாசலில் போய் நின்றபோதுதான் கேட்டது: வடக்கே கடகடவென்று பார், தெற்கே சரசரவென்று மணல், மந்தமாக, தடியாக, அலை ஊர்மேல் உருண்டு கடலுக்குள் போனது. தண்ணீருக்குள் நின்ற பெண்கள் தூக்கத்தில் நடந்தவர்களைப் போல விழித்து, தங்கள் இடுப்புச் சேலையைப் பார்த்து அலறிக்கொண்டு கரையேறினார்கள். அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர அவளுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. காத்திருந்தாள். மழைச் சுவரைக் கிழித்துக்கொண்டு முதல் வள்ளம் வந்தது, அதில் அவன் இல்லை. இரண்டாவது வந்தது, அதிலும் இல்லை. மற்றதெல்லாம் வந்த பிறகு, இனி இல்லை என்று அவள் மணலில் உட்கார்ந்த பிறகு, கடைசியாக ஒன்று வந்தது. அதன் அடி மணலில் உரசிய அதே நேரத்தில் கடல் பேரிரைச்சலோடு வாயைத் திறந்தது, ஐஸ் கம்பெனியில் பெட்டி மௌனமானது. ரெமி வள்ளத்தின் முன்பக்க அணியத்திலிருந்து குதித்து இறங்கினான். அவள் எல்லோர் முன்னாலும் அவனைக் கட்டிக்கொண்டாள். அந்த ஊரில் அப்படி யாரும் செய்வதில்லை.

வீட்டில் தலை துவட்டிவிடும்போது கேட்டாள். "என்னய எதுக்குக் கூப்பிட்டீய?"

"நானா? நான் எங்க கூப்பிட்டேன்? கடல்ல வச்சி வீட்டுப் பொம்பிளைக பேரச் சொல்லுவாகளா?" என்றான். "நீதான கூப்பிட்ட. பார் பக்கத்துலருந்து நீ கூப்பிட்ட. நான் அங்கனதான் திருப்புனேன். பாறை தெரியுற தூரத்துக்குப் போயிட்டேன். பொட்டுன்னு உன் சத்தம் நின்னுட்டு, அலை கேட்டுது. அப்படியே வெட்டித் திருப்புனேன்."

மெட்டில்டாவின் கையிலிருந்த துண்டு நின்றது. அவள் கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை. அப்படியானால் இஞ்ஞாசியும் கூப்பிடவில்லை, அந்த அண்ணன்மாரும் புருஷன்மாரும் யாரும் கூப்பிடவில்லை. பறிகொடுத்தவர்களுக்கும், பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்தவர்களுக்கும் எந்தக் குரல் வேண்டுமோ அந்தக் குரலில் அது பேசியிருக்கிறது. ஊரில் இதை யாரிடமும் சொல்வதில்லை என்று அப்போதே முடிவுபண்ணிக்கொண்டாள்.

மறுநாள் காலை வாசற்படியில் தெக்கிளா மாமி வந்து உட்கார்ந்திருந்தாள். மெட்டில்டா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மாமி அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நெசத்தச் சொல்லுட்டி. அது எம் மவன்தானா?"

"அவன்தான் மாமி," என்றாள் மெட்டில்டா. "இஞ்ஞாசிதான்."

மாமி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "எம் புள்ளைக்குத் திக்குவாய். அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லதுக்குள்ள அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். அது ஒரு தடவகூடத் திக்கல. மொத நாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா மாமி மைக்கப் புடிச்சிட்டிருந்தீய? வள்ளம் பூரா பார்ல போயிருக்குமே!"

"தெரிஞ்சுதான் புடிச்சேன்." காப்பி டம்ளரைப் படியில் வைத்தாள். "நேத்து அவன் இருக்கானா செத்தானான்னு தெரியாமத்தான் நீ கழட்டுன. செத்துட்டான்னு தெரிஞ்சிருந்தா கழட்டியிருப்பியா?"

வீட்டுக்குள் ரெமி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மெட்டில்டா கதவின் வழியாக அவன் பாதங்களைப் பார்த்தாள். கழட்டியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"மாட்டேன் மாமி."

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது, கடல் ஊமையாக இருந்தபோதுகூட வராத பயம். அந்த ஒரு குரலுக்காக மிச்ச வள்ளங்களையும், அவற்றிலிருந்த அத்தனை பேரையும், கரையில் நின்ற அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளையும் அவள் பாரில் மோத விட்டிருப்பாள், மைக்கின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெக்கிளா மாமி எழுந்து, கரடுதட்டிய கையால் அவள் கன்னத்தைத் தடவிவிட்டாள்.

"சொல்லிட்டல்லா, அது போதும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.